ஆசிரியருக்கு இரண்டிருக்கை மகிழுந்து தகுமா?



“சார், உங்களுக்கு எதற்கு இந்த மகிழுந்து?” என்னும் கேள்வி, கடந்த சில ஆண்டுகளில் நான் மிகுதியாக எதிர்கொண்ட கேள்வியாக இருக்கும். கேட்பவர்கள் இரு வகையினர். ஒரு வகையினர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, ஒரு முறை உட்கார்ந்து பார்க்கலாமா என்று அடுத்த கேள்வியையும் கேட்பார்கள். அவர்களைப் பற்றிக் கவலையில்லை. மற்றொரு வகையினர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் கூரை மடக்கும் பந்தய வண்டியில் வந்து இறங்கினால் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள், பணத்தை இப்படிச் செலவு செய்யலாமா என்பது அவர்களின் உள்ளக்கிடக்கை. அக்கேள்வி நியாயமானது. ஆகவே அதற்கு விரிவாகவே விடை எழுத வேண்டும் என்று எண்ணினேன்.

முதலில் வண்டி எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று உலகம் அழைக்கும் மகிழுந்தின் முதல் தலைமுறை அது. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்னும் பெயரில் விற்றார்கள். அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர். பழைய ஜெர்மானிய மொழியில் ‘பரிசு’ என்னும் பொருள் தரும் சொல்லிலிருந்து அதனை எடுத்தார்களாம். (சொல்லின் வேரைத் தேடும் நோய் மொழியாசிரியர்களுக்கு எங்கு போனாலும் விடாது!) 1600 சிசி இயந்திரம், ஏறத்தாழ 115 குதிரைத்திறன், ஐந்து கியர், பின்சக்கர இயக்கம், இரண்டே இருக்கைகள். விளக்கைப் போட்டால் முன்பக்கத்தில் இரண்டு கண்கள் எழுந்து நிற்கும். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு அது தவளை. நானும் மறுப்பதில்லை.

இந்த வண்டியின் பிறப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் இருக்க முடியவில்லை. 1960களில் இங்கிலாந்தில் லோட்டஸ் எலான், எம்ஜிபி, டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் போன்ற சிறிய திறந்த வண்டிகள் புகழ்பெற்றிருந்தன. ஓட்டுவதற்கு இன்பம், வைத்திருப்பதற்குத் துன்பம். எண்ணெய் ஒழுகும், மின்கம்பிகள் மழைக்குப் பயப்படும். 1980இல் எம்ஜிபியும் ஸ்பிட்ஃபயரும் நின்றுபோயின. எளிய மக்கள் வாங்கக்கூடிய திறந்த வண்டி என்னும் இனமே ஏறக்குறைய அழிந்துவிட்டது. அந்நிலையில் பாப் ஹால் என்னும் அமெரிக்க மகிழுந்துச் செய்தியாளர், மாஸ்டாவின் உயர்பொறுப்பிலிருந்த கெனிச்சி யமமோத்தோவிடம், அத்தகைய வண்டியை நீங்கள் செய்யுங்கள் என்று எடுத்துரைத்தார். பின்னர் அவரே அந்நிறுவனத்தில் சேர்ந்து அத்திட்டத்தில் பணியாற்றினார். தோஷிஹிக்கோ ஹிராய் தலைமையில் உருவான அவ்வண்டி 1989ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வெளிவந்தது. அவர்கள் முன்வைத்த கொள்கைக்கு ‘ஜின்பா இத்தாய்’ என்று பெயர். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடலாதல் என்பது அதன் பொருள். 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. உலகில் மிகுதியாக விற்பனையான இரண்டிருக்கைப் பந்தய மகிழுந்து என்னும் பெருமை இதற்கே உரியது. ஆக, இது கோடீசுவரர்களுக்காகச் செய்யப்பட்ட பொருளன்று, சம்பளக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது.

இனிப் பணத்தைப் பற்றி. 2013இல் நான் இதனை வாங்கியபோது கொடுத்த விலை, அன்றைய புதிய பெரோடுவா மைவியின் விலையைவிடக் குறைவு. கடன் வாங்கவில்லை. (இன்று இவ்வண்டிகளின் விலை ஏறிவிட்டது, அதே விலைக்குக் கிடைக்கும் என்று நம்பி யாரும் புறப்பட்டுவிட வேண்டா.) நம் நாட்டில் புதிய மகிழுந்துக்கு ஒன்பது ஆண்டுகள் வரை தவணைக் கடன் தருகிறார்கள். முதலாம் ஆண்டில் ஒரு பிள்ளை பள்ளியில் சேரும்போது வாங்கிய வண்டிக்கு, அப்பிள்ளை மூன்றாம் படிவம் முடிக்கும்போதுதான் கடைசித் தவணை கட்டுவோம்! அவ்வாறு நான்கு கதவு, ஏழு இருக்கை, வெளிநாட்டுச் சின்னம் என்று வாங்கி நிறுத்தினால் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. “வாத்தியார் நன்றாக இருக்கிறார்” என்கிறார்கள். முப்பது வயது வண்டியைச் சேமிப்பிலிருந்து வாங்கினால் ஆடம்பரம் என்கிறார்கள். கடனின் அளவைப் பார்க்காமல் கதவின் எண்ணிக்கையைப் பார்த்து ஆடம்பரத்தை அளக்கும் இவ்வழக்கம் எனக்கு விளங்கவேயில்லை.

ஆனால், மலிவாக வாங்கியதால் மலிவாக முடிந்துவிடும் என்று சொல்லமாட்டேன். வாங்கிய விலையை மறந்துவிட்டு, ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொகையை ஒதுக்கத் தெரிந்தவர்க்கே பழைய வண்டி பொருந்தும். சாலை வரி பெரிதன்று. தீபகற்பத்தில் 1401 முதல் 1600 சிசி வரையிலான தனியார் மகிழுந்துக்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட்தான். காப்புறுதிதான் இடிக்கும். வயதேறிய வண்டிக்கு முழுக் காப்புறுதி தர நிறுவனங்கள் தயங்கும்; வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். உதிரிப் பாகங்கள் கிடைக்கின்றன என்றாலும் காத்திருக்க வேண்டும். பழைய ஜப்பானிய வண்டிகளை அறுத்து விற்கும் ஹாஃப்கட் கடைகளில் சில கிடைக்கும், மற்றவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். இரண்டு வாரம் வண்டி நின்றாலும் வேலைக்குப் போக வேறு வண்டி வேண்டும். எங்கள் வீட்டில் துணைவியாரின் மகிழுந்து இருக்கிறது. அது இல்லாவிட்டால் இது வீட்டுக்கு வந்திருக்காது.

நம் தட்பவெப்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நண்பகலில் கூரையைத் திறந்து ஓட்டுகிறவர் ஒன்று சுற்றுலாப் பயணியாக இருக்க வேண்டும், அல்லது வண்டியை நேற்று வாங்கியவராக இருக்க வேண்டும். 33 பாகை வெயிலில் பத்து நிமிடத்தில் தலை காய்ந்துவிடும். மாலை நான்கு மணிக்கு மழை. இவ்வண்டி நமக்குக் கொடுப்பது விடியற்காலையையும் இரவையும் மட்டுமே. சனிக்கிழமை காலை ஆறரைக்குத் தாப்பாவில் புறப்பட்டுப் பழைய மலைச்சாலை வழியாகக் கேமரன் மலைக்கு ஏறினால், லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியைப் பார்ப்பதற்கு முன்பே அதன் குளிர் முகத்தில் படும். சாலையோரம் பெத்தாய்க் கட்டுகளையும் தேனையும் அடுக்கத் தொடங்கும் பூர்வகுடி மக்களின் பேச்சொலி காதில் விழும். மூடிய வண்டியில் அதே சாலையில் நூறு முறை போயிருக்கிறேன்; வளைவுகளை எண்ணியதைத் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை.

ஈரம்தான் இவ்வண்டியின் முதன்மைப் பகை. வாங்க நினைப்பவர்கள் வண்ணத்தையும் சக்கரத்தையும் பார்த்து மயங்க வேண்டா. துணிக்கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள சிறு வடிகால் துளைகள் வழியாக இறங்கி, பின்சக்கரங்களுக்கு முன்னால் தரையில் விழுமாறு அமைத்திருக்கிறார்கள். அத்துளைகளில் இலைத் தூளும் மண்ணும் அடைத்துக்கொண்டால் நீர் போக வழியின்றிக் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதிக்குள் தேங்கும். அங்கே உள்ளிருந்து துரு பிடிக்கும். வெளியில் வண்ணம் பளபளக்கும். விரலால் அழுத்தினால் நொறுங்கும். ஆகவே வாங்குமுன் ஒரு குவளை நீரை அத்துளையில் ஊற்றிப் பாருங்கள். கீழே வந்தால் நன்று. வராவிட்டால் வண்டிக்கடியில் படுத்துப் பாருங்கள், அல்லது வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். நான் மாதம் ஒரு முறை வளையும் நெகிழிக் குழலை விட்டு அவற்றைச் சுத்தம் செய்கிறேன். முதல் தலைமுறையில் பின்கண்ணாடி உண்மையில் கண்ணாடியன்று, நெகிழித் தாள். கூரையை மடக்குமுன் அதன் ஸிப்பைத் திறந்து படுக்கவைக்காவிட்டால் மடிப்பு விழுந்து வெடிக்கும். ரேடியேட்டரின் மேல்தொட்டியும் நெகிழிதான். கறுப்பாக இருக்கும் வரை நம்பலாம். பழுப்பேறத் தொடங்கிவிட்டால் மாற்றிவிட வேண்டும், மலைப்பாதையில் அது பிளக்கும் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. டைமிங் பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டருக்கொரு முறை மாற்ற வேண்டும். முந்தைய உரிமையாளர் வாயால் சொன்னது கணக்கில் வராது, பற்றுச்சீட்டுதான் பேசும்.

‘பந்தய மகிழுந்து’ என்னும் சொல்தான் பெற்றோர்களை அச்சுறுத்துகிறது என்று எண்ணுகிறேன். நம் பையன்களின் வேக மோகத்தைப் பற்றி நானும் அஞ்சுகிறேன். நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. அவர்களில் நம் பள்ளிகளில் படித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இவ்வண்டி வேகமான வண்டியன்று. நெடுஞ்சாலையில் இன்றைய டர்போ இயந்திரக் குடும்ப வண்டிகள் என்னைக் கடந்து போய்விடுகின்றன. ஒரு முறை ஆறாம் ஆண்டு மாணவன், “சார், இது எவ்வளவு ஓடும்?” என்று கேட்டான். “உன் அப்பாவின் வண்டியைவிட மெதுவாகத்தான் ஓடும்” என்றேன். அவன் முகத்தில் தோன்றிய ஏமாற்றத்தைக் காண வேண்டுமே! பிறகு எதற்கு சார் வைத்திருக்கிறீர்கள் என்றான். தரைக்கு நெருக்கமாக உட்கார்ந்திருப்பதால் அறுபது கிலோமீட்டர் வேகமே நூறு போலத் தோன்றும், வளைவில் வண்டி என்ன செய்கிறது என்பது கைக்குத் தெரியும், ஆகையால் வேகமாகப் போகத் தேவையில்லை என்று விளக்கினேன். அவனுக்குப் பாதி புரிந்தது. பாதி புரிந்தாலும் போதும். வேகமாகப் போகாமலும் வண்டி ஓட்டுவதில் மகிழலாம் என்பதை ஒரு பெரியவர் வாயிலிருந்து அவன் கேட்டது அதுவே முதல் முறையாக இருக்கக்கூடும்.

புகைபோக்கியை மாற்றி ஊரையே எழுப்பும் கலாச்சாரம் எனக்கு உடன்பாடில்லை. இலக்கியம் கற்பிக்கும் நண்பர்களுக்கு அகநானூற்றின் நான்காம் பாடல் நினைவிருக்கும். குறுங்குடி மருதனார் பாடியது. வீடு திரும்பும் தலைவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். திறந்த தேரில் விரைந்தவன்தான் அவனும்! என் வண்டியின் புகைபோக்கி தொழிற்சாலையில் பொருத்திய வகைதான். அதை அப்படியே வைத்திருப்பதற்கு அத்தலைவனும் ஒரு காரணம்.

இதுவரை எழுதியது வண்டிக்கான வாதம். நான் உண்மையில் சொல்ல விரும்பியது இனிமேல்தான் வருகிறது.

பழைய மகிழுந்து வைத்திருப்பவன் பட்டறையில் உட்கார வேண்டும். புதிய வண்டிக்காரர்கள் பராமரிப்பு நிலையத்தில் சாவியைக் கொடுத்துவிட்டுக் குளிரறையில் தேநீர் அருந்துவார்கள். நமக்கு அவ்வசதியில்லை. போமன் வண்டிக்கடியில் கிடக்கும்போது கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். என் வண்டியைப் பார்ப்பவர் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர். ஆறாம் ஆண்டுத் தேர்வில் அவர் பெற்ற ‘ஏ’க்களின் எண்ணிக்கை, எந்தப் பாராட்டு விழாவுக்கும் அவரை அழைக்கும் அளவுக்கு இருந்ததில்லை. ஒரு நாள் காலையில் வண்டி முதல் கியரில் விழ மறுத்தது. கியர்பெட்டி போய்விட்டது என்று அக்கம்பக்கத்தார் தீர்ப்பளித்துவிட்டார்கள். அவர் வந்தார். கிளட்ச் மிதியை மூன்று முறை அழுத்தினார். முன்மூடியைத் திறந்து நீர்மக் கிண்ணத்தின் அளவைப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து, கியர்பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் சிறு உருளையின் ரப்பர் உறையை விரலால் தடவி, விரலை முகர்ந்தார். “சார், கியர்பெட்டிக்கு ஒன்றுமில்லை. கீழ் பம்பு ஒழுகுகிறது. சின்ன சாமான்தான்” என்றார். அவ்வளவே. கைத்தொலைபேசியில் ஆங்கிலக் கையேட்டின் படத்தைத் திறந்து, சரிபார்த்துவிட்டுப் பாகத்திற்குச் சொல்லிவிட்டார்.

அறிவியல் செயற்பாங்குத் திறன் என்று நாம் வகுப்பில் கற்பிக்கிறோம் அல்லவா? உற்றறிதல், ஊகித்தல், முன் அனுமானித்தல், கருதுகோள் உருவாக்குதல் என்று அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுகிறோம். அன்று நான் கண்டது அதுவே. உயர்நிலைச் சிந்தனைத் திறனுக்கு மாதிரிப் பாடம் நடத்த வேண்டுமென்றால், அந்த மூன்று நிமிடத்தைப் படமெடுத்துக் காட்டலாம்.

ஆயினும் நம் ஆசிரியர் அறைகளிலும் இல்லங்களிலும் கேட்கும் வசை எது? “படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போவாய்.” இவ்வாக்கியத்தை நம் சமூகம் கைவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை. யூபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் நீக்கிவிட்டார்கள். ‘ஏ’ எண்ணும் மனம் இன்னும் நீங்கவில்லை. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் என்னும் மூன்று படங்களையே பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பக் காட்டுகிறோம். அம்மூன்றுக்கும் போகாதவன் தோற்றவன் என்று பன்னிரண்டு வயதிலேயே அவனுக்குப் புரியவைத்துவிடுகிறோம். அப்படிப் புரிந்துகொண்ட பையன், பிறகு கைத்தொழிலுக்குப் போனாலும் தலைகுனிந்துதான் போவான். சான்றிதழ் பெற மாட்டான். யாரோ ஒருவரிடம் எடுபிடியாகவே காலத்தைக் கழிப்பான். மலேசியத் திறன் சான்றிதழில் முதல் மூன்று நிலைகள் இருக்கின்றன, அவற்றுக்கு மேல் நான்காம் நிலையில் திறன் டிப்ளோமாவும் ஐந்தாம் நிலையில் உயர்நிலைத் திறன் டிப்ளோமாவும் இருக்கின்றன என்பதை நம் பெற்றோர்களில் எத்தனை பேர் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்? தொழிற்கல்லூரி என்றால் முகத்தைச் சுளிக்கிறோம். அங்கே இடம் இருக்கும்போது நம் பிள்ளை விண்ணப்பிப்பதில்லை. அவன் வேலையில்லாமல் நிற்கும்போது நமக்கு யாரும் உதவவில்லை என்று மேடையில் பேசுகிறோம்.

மின்வண்டி வந்துவிட்டால் போமனுக்கு வேலை ஏது என்று ஓர் ஆசிரிய நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. எண்ணெய் மாற்றும் வேலை குறையும். உயர் மின்னழுத்தத்தைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரிந்தவரின் வேலை கூடும். முறையான சான்றிதழ் இல்லாமல் எடுபிடியாக இருப்பவருக்கு அம்மாற்றம் பேரிடராக முடியும். அதனால்தான் அவமதிப்பை நிறுத்திவிட்டு முறையான பயிற்சிக்கு அனுப்புங்கள் என்கிறேன்.

இதனைப் படித்துவிட்டு, ஆசிரியரே சொல்லிவிட்டார் என்று யாரும் பழைய பந்தய வண்டி வாங்கப் புறப்பட வேண்டா. குறிப்பாக, பணியில் புதிதாகச் சேர்ந்து, கல்விக் கடனும் வீட்டு வாடகையும் கழுத்தில் இருக்கும் இளைய ஆசிரியர்கள் பொறுத்திருங்கள். சிறு பிள்ளைகள் உள்ளவர்களும் அப்படியே. 2020 சனவரி முதல் மகிழுந்தில் குழந்தை இருக்கை கட்டாயம். இரண்டிருக்கை வண்டியில் பின்னிருக்கை என்பதே கிடையாது. பிள்ளையை ஏற்றிச் செல்லும் வண்டியன்று இது. என் வண்டியில் காற்றுப்பை இல்லை, கவிழ்ந்தால் தாங்கும் இரும்புக் கூடும் இல்லை. அதை அறிந்தே ஓட்டுகிறேன்; மழையில் மலைச்சாலைக்குப் போவதில்லை. தவணைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வாங்கவே வேண்டா. விற்பவர் புஸ்பாகோம் சோதனைக்கு முன்பே முழுப் பணத்தைக் கேட்டால் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

பள்ளியில் அடுத்து நடைபெறவிருக்கும் தொழில் வழிகாட்டி நாளுக்கு அந்த முன்னாள் மாணவரை அழைக்கலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். வழக்கமாக வரும் மருத்துவரோடும் காவல்துறை அதிகாரியோடும் அவரையும் மேடையில் அமர்த்துவதற்கு இசைவு தந்துவிட்டார். வண்டியைத் திடலோரம் நிறுத்தி, முன்மூடியைத் திறந்து வைக்கவும் ஒப்புதல் கிடைத்தது. அவர்தான் தயங்குகிறார். “நான் என்ன சார் பேசுவது? எனக்கு மேடையெல்லாம் வராது” என்கிறார். பேச வேண்டா, கிளட்ச் மிதியை அழுத்திக் காட்டினால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். பெற்றோர்களும் வரலாம். மதியத்திற்குள் வந்துவிடுங்கள், நான்கு மணிக்கு மேல் துணிக்கூரைக்கு நான் பொறுப்பல்லேன்.